லிஸ்ப் ஃபைலோடு நான் பட்ட பாடு

சேலத்தில் ட்ராஃப்டிங் வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் ஒரு பென் டிரைவ் இருக்கும், அதில் லிஸ்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற ஆட்டோகேட் மென்பொருளுக்குள் ஓடுகிற குட்டி புரோகிராம்கள் அதில் இருக்கும், லிஸ்ப் என்பது அவற்றை எழுதுகிற மொழி. யார் எழுதியது என்று கேட்டால் தெரியாது. சீனியர் கொடுத்தது என்பார்கள். அந்த சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. மனைக்குள் ஒரு கிளிக் பண்ணினால் சதுரடி, சென்ட், சதுர மீட்டர் மூன்றையும் எழுதிவிடும். எல்லைக் கோட்டைத் தொட்டால் நீளம் போட்டுவிடும். அரை நாள் வேலையைப் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுக்கிற சாமான்கள். ஓடுகிற வரைக்கும் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஓடாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த வருஷம் நான் கொடுத்த விலை 38,500 ரூபாய், அதோடு ஏறக்குறைய ஒரு மாதத் தூக்கம். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் ஆபீஸ் அஸ்தம்பட்டி பக்கம். நானும் ஒரு தம்பியும்தான். சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியில் எடுத்து வரும் புள்ளிகளை ஆட்டோகேடில் ஏற்றி லேஅவுட், வீட்டு பிளான், பாகப்பிரிவினை வரைபடம் எல்லாம் போட்டுக் கொடுக்கிறோம். புது கம்ப்யூட்டர் வாங்கி, புது வெர்ஷன் ஆட்டோகேட் போட்ட கையோடு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் வேலை வந்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள். மலைச்சரிவு என்பதால், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற கான்டூர் கோடுகள் நெருக்கமாக ஓடும். அதற்கு மேலே பாகக் கோடுகள், ஒவ்வொரு பாகத்துக்கும் ஏக்கர் சென்ட் கணக்கு. பழைய ஃபோல்டரை அப்படியே புது மெஷினுக்கு மாற்றி, டிராயிங் திறக்கும்போதெல்லாம் தானாக லோட் ஆகிற மாதிரி ஸ்டார்ட்அப் சூட்டில் சேர்த்துவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

முதல் பாகத்துக்குப் பரப்பு சரியாக விழுந்தது. அடுத்த பாகத்தைக் கிளிக் பண்ணினால் ஒன்றும் வரவில்லை. தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான். "அக்கா, ஒரு தடவைதான் ஓடுது. டிராயிங்கை மூடித் தொறந்தா மறுபடியும் ஒரு தடவை ஓடுது." சரி, மூடித் திறந்து ஓட்டு என்றேன், அவசரம் அப்படி. ஆனால் கான்டூர் நிறைந்த அந்த ஃபைல் திறக்கவே நேரம் எடுக்கும். இன்னொன்றும் கூடவே வந்தது: லிஸ்ப் ஓடாமல் நின்றதற்கு அப்புறம் ஆஸ்நாப் (கோட்டு முனை போன்ற இடங்களைச் சரியாகப் பிடித்துக்கொள்கிற வசதி) எல்லாம் தானாகக் கழன்றுபோயிருக்கும். கோட்டு முனையைப் பிடிக்கவே பிடிக்காது. செட்டிங்கைத் திறந்து மறுபடி டிக் போட்டுக்கொண்டே இருந்தோம்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் காட்டினேன். "ரேம் பத்தலைங்க மேடம், கிராஃபிக்ஸ் டிரைவரும் பழசு" என்றார்கள். புது மெஷின் என்று சொன்னேன். வைரஸாகவும் இருக்கலாம் என்றார்கள். ரேம் கூட்டி, விண்டோஸ் ஃபார்மட் அடித்து, ஆட்டோகேட் மறுபடி ஏற்றி 8,500 ரூபாய். வீட்டுக்கு வந்து போட்டால் அதேதான். ஒரு தடவை ஓடும், அடுத்த தடவை ஓடாது. அன்றைக்கு ராத்திரி கீபோர்டைத் தூக்கி எறியாதது பெரிய விஷயம்.

இங்கே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லிஸ்ப் நின்றுபோனால் மெஷினைத் தொடாதீர்கள், எஃப்2 அழுத்துங்கள். கமாண்ட் லைனில், அதாவது கட்டளை அடிக்கிற பட்டையில், ஓடிப்போன வரிகள் முழுக்க ஒரு ஜன்னலில் தெரியும். கமாண்ட் லைனை ஒரே வரியாகச் சுருக்கி வைத்திருப்பது எங்கள் ஊர் ட்ராஃப்ட்ஸ்மேன்களின் பழக்கம், திரையில் இடம் வேண்டுமே. அதனால் எர்ரர் செய்தி வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. எஃப்2 அழுத்தினால் அங்கே ஒரு வரி தெளிவாக இருந்தது: எர்ரர், பேட் ஃபங்ஷன், பக்கத்தில் ஒரு எண். (ஃபங்ஷன் என்பது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து விடை தருகிற புரோகிராம் துண்டு.) வெற்று டிராயிங்கில் 30க்கு 40 அடி மனை ஒன்று வரைந்து சோதித்தபோது அந்த எண் 1200.01. மனையின் சதுரடி! ஒரு எண்ணைப் போய் ஃபங்ஷன் என்று எதற்காகக் கூப்பிடுகிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆனால் ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது மட்டும் விளங்கியது.

ஆன்லைனில் ஃப்ரீலான்ஸ் செய்கிற ஒருவரிடம் 6,000 ரூபாய்க்கு அந்த ஃபைலைத் திருத்தித் தரச் சொன்னேன். இரண்டே நாளில் அழகான புரோகிராம் வந்தது. ஒரு வரிகூட ஓடவில்லை. அவர் எழுதியது காமன் லிஸ்ப். அதில் 'லெட்' என்று உள்ளூர் மாறிகளை (மதிப்பைப் போட்டு வைக்கிற, அந்த இடத்துக்குள் மட்டும் செல்லுகிற பெயர்களை) கட்டுகிற ஒரு அமைப்பு உண்டு, 'இன்க்எஃப்' என்று எண்ணைக் கூட்டுகிற ஒன்று உண்டு, மேக்ரோ உண்டு. ஆட்டோகேடுக்குள் இருக்கிற ஆட்டோலிஸ்ப்பில் இவை மூன்றுமே கிடையாது. லிஸ்ப் என்பது 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிவைத்த ஒரு பெரிய குடும்பம். காமன் லிஸ்ப், ஸ்கீம், ஈமாக்ஸ் லிஸ்ப் என்று பிள்ளைகள் நிறைய. 1986-இல் ஆட்டோகேடுக்குள் வந்த ஆட்டோலிஸ்ப் அதில் கைக்கு அடக்கமான ஒரு பிள்ளை. பிராக்கெட்டைப் பார்த்து எல்லாம் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. ஏஐ சாட்டில் கேட்டு வாங்குகிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. கேள்வியிலேயே ஆட்டோலிஸ்ப் என்று சொல்லுங்கள், வந்த புரோகிராமில் லெட் இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். அந்த 6,000 எனக்குத் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம்தான் ஃபைலை நானே திறந்து உட்கார்ந்தேன். நான் டிப்ளமோ சிவில், புரோகிராமிங் படித்தவள் இல்லை. நோட்பேடில் திறந்தால் வரிகள் இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு, நடுவில் காரணமே இல்லாமல் பிராக்கெட் குவியல். படிக்கவே முடியவில்லை. ஆட்டோகேடுக்குள்ளேயே லிஸ்ப்புக்கு ஒரு எடிட்டர் இருப்பது அப்போதுதான் தெரியும். கமாண்ட் லைனில் வி.எல்.ஐ.டி.இ. என்று அடித்தால் திறக்கும். (2021 வெர்ஷனிலிருந்து சில மெஷின்களில் இதை அடித்தால் விஎஸ் கோடு என்கிற வேறொரு எடிட்டர் திறக்கப் பார்க்கும். பழைய எடிட்டர்தான் வேண்டும் என்றால் லிஸ்ப்சிஸ் என்கிற சிஸ்டம் வேரியபிளை, அதாவது ஆட்டோகேடின் உள் செட்டிங்கை, 0 ஆக்கிவிட்டு ஆட்டோகேடை மூடித் திறக்க வேண்டும்.) அதில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முழு ஃபைலையும் ஒழுங்காக உள்தள்ளி அடுக்கிவிடும். டீபக் மெனுவில் பிரேக் ஆன் எர்ரர் என்பதை டிக் செய்து கமாண்டை ஓட்டினால் கோளாறு வந்த இடத்திலேயே நிற்கும். பிறகு கண்ட்ரோல், எஃப்9 அழுத்தினால் எந்த வரி என்று எடுத்துக் காட்டும்.

காட்டிய வரி இது. புரியட்டும் என்று பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன்: (செட்க்யூ சதுரடி (சதுரடி பரப்பு)). செட்க்யூ என்றால் இந்தப் பெயரில் இந்த மதிப்பைப் போட்டு வை என்று அர்த்தம். ஃபைலின் தலையில் சதுரடி என்று ஒரு குட்டி ஃபங்ஷன் இருக்கிறது. சதுர மீட்டரைக் கொடுத்தால் 10.764-ஆல் பெருக்கித் தருவது. இந்த வரி அந்த ஃபங்ஷனுக்குப் பரப்பைக் கொடுத்து விடையை வாங்குகிறது. வாங்கிய விடையை சதுரடி என்ற அதே பெயரில் போட்டு வைக்கிறது. ஆட்டோலிஸ்ப்பில் ஒரு பெயருக்கு ஒரே அறைதான். ஃபங்ஷன் குடியிருந்த அறையில் எண் வந்து உட்கார்ந்ததும் ஃபங்ஷன் வெளியே போய்விட்டது. முதல் தடவை எல்லாம் சரி. இரண்டாவது தடவை அதே வரிக்கு வரும்போது சதுரடி என்பது 1200.01. அதைப் போய் ஃபங்ஷனாக ஓட்டு என்றால்? பேட் ஃபங்ஷன்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு, யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம். கமாண்ட் லைனில் ஆச்சரியக்குறி போட்டு ஒட்டினாற்போல் பெயரை அடித்து என்டர் தட்டினால் அந்தப் பெயரில் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும். ஃபைல் லோட் ஆனதும் !சதுரடி என்று பார்த்தால் யூசப்ஆர் என்று தொடங்கி ஏதோ எண்ணும் எழுத்துமாக வரும். அப்படி வந்தால் அது ஃபங்ஷன். கமாண்டை ஒரு தடவை ஓட்டிவிட்டுப் பார்த்தால் 1200.01. டிராயிங்கை மூடித் திறந்து பார்த்தால் மறுபடி யூசப்ஆர். ஒவ்வொரு டிராயிங்குக்கும் லிஸ்ப் பெயர்கள் தனித்தனி என்பதால், திறக்கும்போது ஃபைல் புதிதாக லோட் ஆகி ஃபங்ஷன் உயிர் பெற்றுவிடுகிறது. மூன்று வாரம் என்னை அலைக்கழித்த பேய் இந்த ஒரு வரிக்குள் இருந்தது. அழுகை வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். சிரிப்பும்தான்.

காமன் லிஸ்ப்பில் இதே வரி ஆயிரம் தடவை ஓடினாலும் கெடாது. அங்கே ஃபங்ஷனுக்கும் மாறிக்கும் தனித்தனி இடம். ஆகவே காமன் லிஸ்ப் ஆட்களிடம் இதைக் காட்டி "இதில் என்ன தப்பு?" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் ஊர் வழக்கப்படி அவர்கள் சொல்வது சரி.

வரியைக் கண்டுபிடித்ததும் வேலை முடியவில்லை. ஆட்டோலிஸ்ப் பாடம் எதை எடுத்தாலும் முதலில் சொல்கிற அறிவுரை, மாறிகளை உள்ளூராக்கு என்பது. ஃபங்ஷனை எழுதத் தொடங்குகிற டீஃபன் வரியில் பெயர்ப் பட்டியலுக்கான பிராக்கெட்டுக்குள் ஒரு ஸ்லாஷ் போட்டு, அதற்குப் பின்னால் எழுதுகிற பெயர்கள் அந்த ஃபங்ஷன் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், வெளியே கசியாது. (ஸ்லாஷுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடுங்கள்.) சரி என்று சதுரடியை அந்தப் பட்டியலில் சேர்த்தேன். இப்போது முதல் தடவையே ஓடவில்லை! செய்தியும் மாறிவிட்டது, சதுரடி என்று ஒரு ஃபங்ஷனே இல்லையாம். கொஞ்ச நேரம் தலை சுற்றியது. காரணம் இதுதான்: உள்ளூர் பெயராக அறிவித்ததும் அந்தப் பெயர் உள்ளே காலியாகத் தொடங்குகிறது. வெளியே இருக்கிற ஃபங்ஷனை அது மறைத்துவிடுகிறது. ஆகவே உள்ளூராக்குவது மட்டும் போதாது, பெயரையே மாற்ற வேண்டும். ஃபங்ஷனுக்கு மீட்டரிலிருந்து-சதுரடி என்று பெயர் வைத்தேன், மாறிக்கு மனை-சதுரடி. தீர்ந்தது.

அப்புறம் ஒரு கேள்வி குடைந்தது. இதே ஃபைலைப் பழைய ஆபீஸில் வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன், அங்கே ஏன் ஒருநாளும் வரவில்லை? பழைய டூல்பார் பட்டனின் மேக்ரோவை, அதாவது அழுத்தினால் ஓடுகிற கட்டளை வரிசையை, தேடிப் பார்த்தேன். அந்தப் பட்டன் ஒவ்வொரு அழுத்தலுக்கும் முதலில் ஃபைலை லோட் செய்து, பிறகுதான் கமாண்டை ஓட்டுகிறது. செத்த ஃபங்ஷனுக்கு ஒவ்வொரு தடவையும் உயிர் கொடுத்திருக்கிறது. எழுதிய மகராசன் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா, கேட்க ஆள் இல்லை. நீங்களும் ஃபோல்டரைப் புது மெஷினுக்குக் கொண்டுபோகும்போது ஃபைல்களோடு பட்டன் மேக்ரோக்களையும் எடுத்துப் போங்கள், குறைந்தது எப்படி லோட் ஆகிறது என்று எழுதியாவது வையுங்கள்.

ஆஸ்நாப் கழன்றதன் காரணமும் அந்த எடிட்டரிலேயே தெரிந்தது. கமாண்ட் தொடங்கும்போது ஆஸ்மோட் (எந்தெந்த ஆஸ்நாப் போட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும் எண்) மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு அதை 0 ஆக்குகிறது. கடைசி வரியில் பழைய மதிப்பைத் திருப்பிப் போடுகிறது. நடுவில் எர்ரர் வந்தால் கடைசி வரிக்குப் போகவே போகாது. எஸ்கேப் அடித்தாலும் அதே கதி. அடுத்த தடவை அந்த 0-வையே பழைய மதிப்பு என்று எடுத்து வைத்துக்கொள்கிறது. இதற்கு மருந்து, கமாண்டுக்குள்ளேயே இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்ட எர்ரர் என்கிற ஃபங்ஷனை எழுதி, கோளாறு வந்தாலும் செட்டிங்கைத் திருப்பிப் போடச் செய்வது. அந்த எர்ரர் பெயரையும் ஸ்லாஷுக்குப் பின்னால் உள்ளூராக அறிவிக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் உங்கள் எர்ரர் ஃபங்ஷன் டிராயிங் முழுக்கத் தங்கிவிடும், அடுத்தவர் எழுதிய லிஸ்ப்பில் கோளாறு வந்தாலும் உங்களுடையதுதான் ஓடும். ஆட்டோகேட் 2015-லிருந்து இன்னொரு சிக்கல்: எர்ரர் ஃபங்ஷனுக்குள் பழைய பாணியில் கமாண்ட் என்று கூப்பிட்டால் ஏற்காது, கமாண்ட்-எஸ் என்று எழுத வேண்டும். பழைய ஃபோல்டர்கள் புது வெர்ஷனில் தடுக்கி விழுகிற இடங்களில் இது ஒன்று.

இப்போது பெரிய செலவுக்கு வருகிறேன். பரப்பு லிஸ்ப் நின்றால் எரிச்சலோடு போகும். ஓடிக்கொண்டே தப்பாகப் போடுவதுதான் ஆளைச் சாய்க்கும். அதே ஃபோல்டரில் பாகக் கோடு வரைகிற இன்னொரு லிஸ்ப். இரண்டு முனைகளின் புள்ளியைக் கணக்குப் போட்டு லைன் கமாண்டுக்குக் கொடுக்கிறது. இது ஆஸ்நாப்பைத் தொடவே இல்லை. ஆஸ்நாப் போட்டிருக்கும்போது லிஸ்ப் கொடுக்கிற புள்ளி திரையில் வேறொரு முனைக்கு மிக அருகில் விழுந்தால், ஆட்டோகேட் கணக்கை விட்டுவிட்டு அந்த முனையைப் பிடித்துக்கொள்ளும். அருகில் என்பது தரையில் எத்தனை மீட்டர் என்பதல்ல, திரையில் எத்தனை பிக்சல் என்பது. அதனால் ஜூம் பண்ணி வைத்திருந்தால் சரியாக வரும், முழு எஸ்டேட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தால் இடம் மாறும். தட்டைநிலத்து லேஅவுட்டில் சுற்றிலும் ஒன்றும் இருக்காது, தப்பித்துவிடுவோம். கான்டூர் நெருங்கி ஓடுகிற மலைச்சரிவில் எங்கு பார்த்தாலும் முனைகள். நாங்கள் கையால் அதே கோஆர்டினேட்டை டைப் செய்து சரிபார்த்தபோது எல்லாம் சரியாகவே விழுந்தது. கையால் அடிப்பதற்கு ஒரு விதி, ஸ்க்ரிப்டும் லிஸ்ப்பும் கொடுப்பதற்கு இன்னொரு விதி. ஆஸ்நாப்கோஆர்ட் என்கிற சிஸ்டம் வேரியபிள் வழக்கமாக 2-இல் இருக்கும், அதன் அர்த்தமே அதுதான்.

ஒரு பாகக் கோட்டின் முனை அப்படி ஒரு கான்டூர் முனைக்குத் தாவியிருந்தது. அரை மீட்டருக்குள்தான். வரைபடத்தைத் தாளில் பார்த்தால் தெரியவே தெரியாது. சர்வேயர் அந்த கோஆர்டினேட்டை எடுத்துக்கொண்டு மேலே போய், ஆட்களை வைத்துக் கல் நட்டாயிற்று. தம்பிக்காரரின் பாகத்தில் இருக்க வேண்டிய ஒரு சில்வர் ஓக் மரம் அண்ணன் பக்கம் போய்விட்டது. அண்ணன் தம்பி பாகத்தில் அரை மீட்டர் என்றால் என்னவென்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மேடம், நீங்க யாருக்கு ஆளுங்க?" என்று தம்பிக்காரர் போனில் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆஸ்நாப் என்று பதில் சொல்ல முடியுமா? இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நேரில் போய், வரைபடத்தை விரித்து, இரண்டு பேரையும் உட்கார வைத்துப் புரியவைத்தேன். பனி இறங்கி, டோட்டல் ஸ்டேஷன் குறிவைக்கிற பிரிசம் தெரியாமல் சர்வேயருக்கு ஒரு பகல் முழுக்க வீணானது. கல்லைப் பிடுங்கி மறுபடி நட, ஆள் கூலி, வண்டி, சர்வேயர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். வரைபடம் என் ஆபீஸிலிருந்து போனது, வேறு யார் கொடுப்பார்கள்?

இதற்குத் திருத்தம் கேட்டால் கோபம் வரும், அவ்வளவு சின்னது. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் என்.ஓ.என். என்கிற ஆஸ்நாப் சொல்லைக் கொடுத்தால் போதும், அந்தப் புள்ளிக்கு மட்டும் எதையும் பிடிக்காதே என்று அர்த்தம். அல்லது மேலே சொன்ன மாதிரி ஆஸ்மோடை 0 ஆக்கி, எர்ரர் ஃபங்ஷனோடு திருப்பிப் போடலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: கமாண்ட் வழியாகப் போகாமல் என்ட்மேக் வைத்துக் கோட்டை நேரடியாக டிராயிங்கில் உருவாக்குவது. அங்கே ஆஸ்நாப் என்ற பேச்சே கிடையாது, வேகமும் அதிகம். கமாண்டைத்தான் கூப்பிடுவேன் என்றால் கமாண்ட் பெயருக்கு முன் ஒரு அடிக்கோடும் ஒரு புள்ளியும் போடுங்கள். அடிக்கோடு வேறு மொழி ஆட்டோகேடிலும் ஓட வைக்கும். புள்ளி, யாராவது அந்தக் கமாண்டை மாற்றி எழுதியிருந்தாலும் ஒரிஜினலையே கூப்பிடும். கூடவே ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டேன்: சர்வேயருக்குப் போகிற கோஆர்டினேட் பட்டியலை டிராயிங்கிலிருந்து ஒரு தடவை எடுத்து, கணக்கு ஷீட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

அந்த ஃபோல்டரை முழுக்க அலசியதில் சில்லறைக் கோளாறுகள் நிறையக் கிடைத்தன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 100 அடி முகப்பை 8 மனையாகப் பிரித்தால் 12.5 வர வேண்டும், லிஸ்ப் 12 என்றது. இரண்டும் முழு எண்ணாக இருந்தால் ஆட்டோலிஸ்ப் மீதியைத் தூக்கி எறிந்துவிடும், ஒன்றையாவது 8.0 என்று எழுத வேண்டும். புள்ளியைக் கட்ட ஒற்றை மேற்கோள்குறி போட்டு எக்ஸ் ஒய் என்று எழுதியிருந்தார்கள். அது மதிப்புகளை எடுக்காது, எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், லிஸ்ட் என்றுதான் எழுத வேண்டும். இஃப் உள்ளே ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் ஒன்று, அவ்வளவுதான் இடம். இரண்டு வேலை செய்ய வேண்டுமானால் ப்ரோக்என் போட்டுக் கட்டணும். டிராயிங்கிலிருந்து பொருள்களைத் தேர்ந்தெடுக்கிற எஸ்எஸ்கெட் ஒன்றும் சிக்காவிட்டால் 'நில்' (என்.ஐ.எல்., காலி என்று அர்த்தம்) தரும், அதைச் சரிபார்க்காமல் எண்ணிக்கை கேட்டால் ஆர்க்யுமென்ட் டைப் சரியில்லை என்று நிற்கும். நம்பர்பி நில் என்று செய்தி வந்தால் கூட்டல் கழித்தலில் ஏதோ ஒரு மாறி காலி என்று அர்த்தம், தொண்ணூறு சதவீதம் பெயர் எழுத்துப்பிழை. பல முனைகள் கொண்ட பாலிலைனில், பட்டியலில் தேடித் தருகிற அசாக் வைத்து, முனைக்கான எண்ணான 10-ஐக் கேட்டால் முதல் முனை மட்டும்தான் வரும், மற்ற முனைகள் எல்லாம் அதே 10 என்ற எண்ணோடு பின்னால் வரிசையாக இருக்கும். வி.எல்.ஏ. என்று தொடங்குகிற பெயரைக் காணோம் என்று சொன்னால் ஃபைலின் தலையில் வி.எல்-லோட்-காம் வரி இல்லை. வாட்ஸ்அப்பில் புரோகிராம் வரிகளை ஒட்டி அனுப்பாதீர்கள். நேரான மேற்கோள்குறி வழியில் வளைந்துவிடும், நட்சத்திரக் குறி தடித்த எழுத்தாக மாறிவிடும். ஃபைலாகவே அனுப்புங்கள்.

எழுத்து நடை விஷயத்தில் எனக்கு முன்பு ஒரு அலட்சியம் உண்டு. ஓடினால் போதும், அழகு எதற்கு என்பேன். இப்போது கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். மூடுகிற பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தனி வரியில் அடுக்கும் பழக்கம் சி படித்தவர்களிடம் இருக்கிறது. லிஸ்ப்பில் அவை கடைசிச் சொல்லை ஒட்டி ஒரே வரியில் முடிவதுதான் வழக்கம். பிராக்கெட்டை எண்ண வேண்டாம், உள்தள்ளலைப் பார்த்தால் போதும். எடிட்டரை அடுக்கச் சொன்னவுடனே ஒரு வரி எதிர்பாராத இடத்தில் உள்ளே போய் நின்றால் அங்கேதான் பிராக்கெட் தப்பு. மால்ஃபார்ம்ட் லிஸ்ட் என்றால் ஒன்று குறைவு, எக்ஸ்ட்ரா ரைட் பேரன் என்றால் ஒன்று கூடுதல், இரண்டுக்கும் இதுதான் வைத்தியம். ஒரு திரைக்குள் அடங்காத ஃபங்ஷனை உடைத்து இரண்டு மூன்றாக்குகிறேன். இஃப்புக்குள் இஃப்புக்குள் இஃப் வந்தால், நிபந்தனைகளை வரிசையாக அடுக்குகிற காண்ட் போட்டு விரிக்கிறேன். நானே எழுதுகிற பெயர் எல்லாவற்றுக்கும் ஆபீஸ் பெயரின் இரண்டு எழுத்து முன்னொட்டு, அடுத்தவர் ஃபைலோடு மோதாது. தனி வரிக் குறிப்புக்கு இரண்டு அரைப்புள்ளி, வரிக்குப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒன்று. கமாண்டின் கடைசி வரியில் வெறும் பிரின்க், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் நில் என்று கத்தும்.

உள்ளூர்ப் பட்டியலில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஆட்டோலிஸ்ப்பில் ஒரு ஃபங்ஷனின் உள்ளூர் மாறி, அது கூப்பிடுகிற மற்ற ஃபங்ஷன்களுக்கும் தெரியும், அவை மாற்றவும் செய்யும். எங்கள் ஃபோல்டரில் மனைகளை வரிசையாக எண்ணிப் போகிற ஃபங்ஷனிலும் ஐ, அது கூப்பிடுகிற லேபிள் போடும் ஃபங்ஷனிலும் ஐ. உள்ளே இருப்பது தன் ஐ-யை அறிவிக்கவில்லை, அதனால் வெளியே இருக்கிற எண்ணிக்கையை மாற்றிவிட்டு வருகிறது. சில மனைகளுக்கு லேபிளே விழாமல் போனதற்கு அதுதான் காரணம், நாங்கள் பிரின்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். மேலே இருக்கிற ஃபங்ஷனில் மட்டும் அறிவித்தால் போதாது, ஒவ்வொரு குட்டி ஃபங்ஷனும் தன் பெயர்களைத் தானே அறிவிக்க வேண்டும். ஈமாக்ஸ் லிஸ்ப்பும் ரொம்ப நாள் இப்படித்தான் இருந்தது, 2012-இல் வந்த 24-ஆம் வெர்ஷனில்தான் வேறு வழி கிடைத்தது. ஆட்டோலிஸ்ப் இன்னும் பழைய வழியிலேயே இருக்கிறது.

கடைக்காரர் சொன்ன வைரஸ் பேச்சு என் விஷயத்தில் பொருந்தவில்லை, ஆனால் அது வெறும் பேச்சும் இல்லை. லிஸ்ப்பிலேயே எழுதிய வைரஸ் உண்டு. 2012-இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்து அறிவித்த மெட்ரே என்பது பெரு நாட்டில் பரவி, ஆட்டோகேட் டிராயிங்குகளைத் திருடிச் சீனாவில் உள்ள மின்னஞ்சல்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. யாராவது பென் டிரைவில் டிராயிங் கொடுத்தால், அதே ஃபோல்டரில் ஏகேட்.எல்எஸ்பி, ஏகேட்டாக்.எல்எஸ்பி என்ற பெயரிலோ ஃபாஸ் என்று முடிகிற பெயரிலோ ஏதாவது கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். டிராயிங்கைத் திறந்ததும் தானாக ஓடக்கூடிய பெயர்கள் அவை. நம்பகமில்லாத இடத்திலிருந்து லிஸ்ப் லோட் ஆகும்போது எச்சரிக்கிற செக்யூர்லோட் செட்டிங்கை 0 ஆக்காதீர்கள். எச்சரிக்கை வந்து தொல்லை பண்ணுகிறது என்றால் உங்கள் லிஸ்ப் ஃபோல்டரை மட்டும் ட்ரஸ்டட் பாத் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவைப் பார்த்து ஆட்டோகேடின் விலை குறைந்த எல்டி வெர்ஷன் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024-லிருந்து எல்டியிலும் லிஸ்ப் ஓடுகிறது. அதற்கு முந்தைய எல்டியில் ஓடாது, அங்கே என்ன திருத்தினாலும் பயனில்லை.

எஸ்டேட் வேலை முடிந்து ஃபீஸும் வந்துவிட்டது. செலவு போக எனக்கு நின்றது தம்பியின் சம்பளத்துக்குச் சரியாக இருந்தது. சில்வர் ஓக் மரம் தம்பிக்காரரிடமே திரும்பிவிட்டது, அவர் இப்போது போனில் சிரித்துப் பேசுகிறார். ஃபோல்டரில் கான்டூர் உயர எண் போடுகிற ஃபைல் ஒன்று மட்டும் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. ஆயிரத்துக்கு மேல் வரி, எல்லாம் ஒரே டீஃபனுக்குள், ஸ்லாஷுக்குப் பின்னால் ஒரு பெயர்கூட இல்லை. ஆடியில் வேலை குறையும், அப்போது உட்கார வேண்டும். அதுவரை அதை ஓட்டுகிற டிராயிங்கில் வேறு எந்த லிஸ்ப்பையும் லோட் பண்ணாதே என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.